கரைவலையில் வந்த சின்ன மீன் குத்தி கை முழுக்க வலி, இது என்ன மீன்?

கெடிலக்கரை:
வணக்கம். தேவனாம்பட்டினத்தில் நேற்றுக் காலை கரைவலை இழுத்து முடித்து என் தம்பி மீன் பிரித்துக்கொண்டிருந்தான். கழிவு மீனோடு கிடந்த ஒன்றைத் தூக்கிப் போடும்போது அதன் முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும், சேறும் மணலும் கலந்த நிறம், செதிலே இல்லை, தலை மட்டும் கரடுமுரடாகப் பெரிசு. கொஞ்ச நேரத்தில் வலி தோள் வரை ஏறி அழுதே விட்டான். கூட இருந்தவர்கள் மேலே கயிறு கட்டி சுண்ணாம்பு தடவினார்கள். இன்றைக்கு வலி குறைந்திருக்கிறது, வீக்கம் வடியவில்லை. கெளுத்தி குத்தினது இல்லை, அது எங்களுக்குத் தெரியும். இணையத்தில் வீவர் என்று ஒரு மீனைக் காட்டுகிறது, அதுவா?

உப்பனாறு:
முதலில் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முள்ளின் நுனி உள்ளே ஒடிந்திருந்தால் சீழ் பிடிக்கும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். கயிறு கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

குத்திய உடனே செய்ய வேண்டியது வெந்நீர். கை பொறுக்கிற சூடு, சுமார் 45 டிகிரி, அதில் 30 முதல் 90 நிமிடம் வரை முக்கி வைக்க வேண்டும், ஆற ஆற சூடான தண்ணீர் சேர்க்க வேண்டும். இந்த மீன்களின் விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும், அதனால் வலி இறங்கும். சூட்டைக் குத்து வாங்காத கையால்தான் பார்க்க வேண்டும், வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோனவர்கள் உண்டு. மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காராமல் 108.

வேதா, புதுச்சேரி:
வீவர் இல்லைங்க. அது ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலிலும் மணலில் புதைந்து கிடப்பது, நம் வங்காள விரிகுடாவில் கிடையாது. நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு, கல்மீன் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன வகை ஒன்று, மினௌஸ், ரொம்பப் பொருந்துகிறது. அடுத்த முறை கிடைத்தால் மார்புத் துடுப்பின் அடியைக் குச்சியால் விலக்கிப் பாருங்கள், ஒரு கதிர் மட்டும் விரல் மாதிரி தனியாகப் பிரிந்து நிற்கும், அதை ஊன்றித்தான் சேற்றில் நடக்கும். கண்ணுக்குக் கீழேயும் கூரான முள் உண்டு, தலைப் பக்கம் பிடித்தாலும் குத்தும். பெரிய கல்மீனுக்கு முதுகில் 13 முள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விஷப்பை, மிதிக்கிற அழுத்தத்தில் விஷம் முள் வழியாக ஏறும். அது பாறையும் பவளமும் இருக்கிற இடத்து மீன், மன்னார் வளைகுடாப் பக்கம் உண்டு. இவை எதுவும் துரத்தி வந்து குத்துவதில்லை, அசையாமல் கிடக்கும், நாம்தான் போய்க் கை வைக்கிறோம்.

கெடிலக்கரை:
நன்றி அக்கா. தனி விரல் இருந்ததாகத் தம்பி சொல்கிறான்! ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். செத்துக் கிடந்த மீன்தானே, அதுவுமா குத்தும்?

உப்பனாறு:
குத்தும் தம்பி. முள்ளும் விஷமும் மீன் செத்த உடனே போய்விடாது. எனக்குக் கவலை தேங்காய்த்திட்டிலும் கடலூர் துறைமுகத்திலும் வெறுங்கையால் கழிவு மீன் பிரிக்கிற பெண்களைப் பற்றித்தான். மெல்லிய ரப்பர் கையுறையை முள் துளைத்துவிடும், அதனால் குச்சியாலோ தகரத் துண்டாலோ தள்ளிப் பிரிக்கச் சொல்லுங்கள், வெந்நீர் பிளாஸ்க் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். படகில் போகிறவர்களும் ஒன்று எடுத்துப் போகலாம்.