1970 ஷெவெல் எஸ்எஸ்ஸா, மஸ்டாங் மாக் 1-ஆ? அவசரம்

சிவப்பு_கதவு:
வணக்கம். ஓஹையோவில இருக்கேன். ரெண்டு பழைய அமெரிக்க கார் பார்த்து வச்சிருக்கேன்: செவர்லேயோட ஷெவெல் எஸ்எஸ், ஃபோர்டோட மஸ்டாங் மாக் 1. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். சேகரிப்புக்கு. ரொம்ப வருஷக் கனவு. சனிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணும். எது வாங்கலாம்?

மிச்சிகன்_மச்சான்:
என்ன இன்ஜின்? ஷெவெல்ல 396 கன அங்குலமா 454-ஆ? மாக் 1-ல 351-ஆ 428-ஆ? விலையே அதுலதான் இருக்கு.

பழைய_இரும்பு:
வண்டியோட பிறந்த இன்ஜின்தானா? பில்டு ஷீட் (ஃபேக்டரியில என்னென்ன பூட்டினாங்கன்னு காட்டுற தாள்) இருக்கா?

வி8_வாத்தியார்:
இதெல்லாம் இங்க நூறு தடவை எழுதியாச்சு. படிச்சிட்டுக் கேட்டா நல்லது. 1970 ஷெவெல் வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) எஸ்எஸ்ஸைக் காட்டாது. 13637-னு ஆரம்பிச்சா வி8 மாலிபு கூப், அதாவது ஷெவெல்லயே ரெண்டு கதவு வகை, அவ்வளவுதான். எஸ்எஸ் பேட்ஜ் யார் வேணா ஒட்டலாம். ஃபோர்டுல வின்னோட அஞ்சாவது எழுத்தே இன்ஜின்: ஆர்னா ராம் ஏர் (பானட் வழியா வெளிக்காத்தை இழுக்கிற அமைப்பு) உள்ள 428 கோப்ரா ஜெட் இன்ஜின், கியூன்னா ராம் ஏர் இல்லாதது.

சிவப்பு_கதவு:
ஷெவெல்ல 454, மாக் 1-ல 428. ஷெவெல்ல இருக்கிறது எல்எஸ்6, 454-லயே அதிக பவர் உள்ளதுன்னு விக்கிறவர் சொல்றார். பேப்பர் இல்லையாம்.

டார்க்_தம்பி:
எல்எஸ்6-னா யோசிக்காதீங்க ப்ரோ! 450 குதிரைத்திறன். கோப்ரா ஜெட் 335தான்.

மிச்சிகன்_மச்சான்:
அந்த 335 இன்சூரன்ஸுக்காகக் குறைச்சுப் போட்டது. அதோட ரெண்டுமே கிராஸ் கணக்கு, அதாவது இன்ஜினை மட்டும் ஸ்டாண்டுல ஏத்தி அளந்தது.

டார்க்_தம்பி:
எப்படி அளந்தாலும் 7.4 லிட்டர் 7 லிட்டரைவிடப் பெருசுதானே?

பழைய_இரும்பு:
சண்டை அப்புறம். தம்பி, ஷெவெல் இன்ஜின்ல வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னாடி, பிளாக்குல சின்னதா ஒரு தட்டை இடம் இருக்கும். கிரீஸைத் துடைச்சு டார்ச் அடிங்க. அங்க எழுத்து குத்தியிருக்கும்: மேனுவல் கியர் எல்எஸ்6-னா சிஆர்வி, ஆட்டோமேட்டிக்னா சிஆர்ஆர். எழுத்தைவிட அதுக்கு அடியில ஓடுற மெல்லிய கோடுகள் முக்கியம், ஃபேக்டரியில சீவினப்போ விழுந்தது. மழமழன்னு இருந்தா யாரோ எழுத்தை மறுபடி குத்தியிருக்கலாம். நான் இதைப் பார்க்காம ஒண்ணு வாங்கி, விக்கும்போது பாதி விலைகூடத் தேறல. மாக் 1-க்கு மார்ட்டி ரிப்போர்ட் (வண்டி ஃபேக்டரியில எப்படிச் செஞ்சாங்கன்னு காட்டுறது) வாங்கலாம், 1967-லிருந்து ஃபோர்டு பதிவு அவங்ககிட்ட இருக்கு. அமெரிக்காவில வித்த ஷெவெலுக்கு அந்த வழி இல்ல.

வி8_வாத்தியார்:
ரீபில்டுல சீவினாலும் கோடு போயிடும். அதை வச்சு மட்டும் போலின்னு சொல்லக் கூடாது.

பழைய_இரும்பு:
ஒத்துக்கிறேன். ஆனா பேப்பரும் இல்ல, கோடும் இல்லைன்னா எல்எஸ்6 விலை எதுக்குக் கொடுக்கணும்?

சிவப்பு_கதவு:
பார்த்தேன். சிஆர்வி இருக்கு, கோடு இல்ல. மஸ்டாங் வின் 0எஃப்05ஆர்னு ஆரம்பிக்குது. மார்ட்டி ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டிட்டேன். நன்றிண்ணா.

பழைய_இரும்பு:
ரிப்போர்ட் வந்ததும் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் விகிதம், பெயின்ட் நிறக் குறியீடு எல்லாம் வண்டியோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. முன்பணம் கொடுத்துட்டீங்களா?