துவைச்ச துண்டு, நனைஞ்சதும் வாடை: உங்களுக்கும் நடந்திருக்கா?

ஈரக்காற்று
ஆறு மாசமாச்சு, மனசை விட்டுப் போகல. அத்தை வந்திருந்தப்போ அன்னிக்குத்தான் மடிச்சு வெச்ச துண்டைக் குடுத்தேன். மோந்து பார்த்துட்டுத்தான் குடுத்தேன், சோப்பு வாசனைதான் இருந்துச்சு. முகம் கழுவிட்டு வந்து துண்டை ஒத்துனவங்க பாதியிலயே எடுத்துட்டாங்க. ஒண்ணுமே சொல்லல. நாலா மடிச்சு நாற்காலியில வெச்சுட்டு, பையிலேர்ந்து கைக்குட்டை எடுத்துத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஈரமான இடத்தை மோந்தேன். ஊறப்போட்டு மறந்துபோன துணி மாதிரி வாடை. காய்ஞ்சா இல்ல, நனைஞ்சா வருது. ஏன்?

மாடிவெயில்
வீட்டுக்குள்ள காயப்போட்டிருப்பீங்க. எங்க வீட்ல இருபது வருஷமா மொட்டை மாடிதான், ஒரு நாளும் வாடை வந்ததில்ல. வெயிலை மிஞ்சின மருந்து இல்ல.

அகார்தட்டு
மாடிவெயில், கோவிச்சுக்காதீங்க. வெயில் நல்லதுதான், ஆனா அது மட்டும் போதாது. இந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ்ங்கிற பாக்டீரியான்னு 2012ல ஜப்பான் ஆய்வாளர்கள் சொன்னாங்க. அது காய்ஞ்சாலும் தாக்குப்பிடிக்கும், புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும்.

நான் லேப்ல வேலை பார்க்கிறவ. ஒரு தடவை மூணு நாள் உபயோகிச்ச என் துண்டோட ஓரத்தை அகார் தட்டுல, அதாவது பாக்டீரியா வளர்க்கிற ஜெல்லித் தட்டுல, அழுத்தி எடுத்து, 37 டிகிரியில வெச்சேன். மறுநாள் பார்த்தா, துண்டோட நெசவுக் கட்டம் அப்படியே அச்சு எடுத்த மாதிரி புள்ளி புள்ளியா பாக்டீரியாக் கூட்டம். 30 டிகிரியில துவைச்சுட்டு மறுபடி அழுத்தினேன். புள்ளி குறைஞ்சுது, கட்டம் மட்டும் இன்னும் தெரிஞ்சுது. 60 டிகிரிக்கு அப்புறம்தான் அங்கொண்ணு இங்கொண்ணு ஆச்சு. அந்த முதல் தட்டு இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ரெண்டுபிள்ளைஅம்மா
எங்க கதை வாடை இல்லைங்க. பையனுக்குத் தொடையில சீழ்க்கட்டி. பத்தே நாள்ல பொண்ணுக்குக் கழுத்துல. டாக்டர் கட்டியைப் பார்க்குறதுக்கு முன்னாடியே, "ரெண்டு பேருக்கும் ஒரே துண்டா?"ன்னு கேட்டார். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியாவாம், துண்டு வழியாவும் பரவுமாம். பொண்ணு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தா. அந்தத் துண்டால அவளுக்குத் தலை துவட்டினது நான்தான்.

கொதிநீர்
குளியல் துண்டைப் பத்தியே பேசறீங்க, சமையலறைத் துணியை எல்லாரும் மறந்துட்டீங்க. பச்சை இறைச்சி வழிஞ்ச மேடையைத் துடைச்ச துணியால என் வீட்டுக்காரர் குழந்தை தட்டைத் துடைச்சதை நான் கண்ணால பார்த்தேன். கத்திட்டேன். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்துல ஒரு மாசம் உபயோகிச்ச 100 சமையலறைத் துணிகளைச் சோதிச்சதுல 49ல பாக்டீரியா வளர்ந்துச்சு, 2018ல வெளியானது. ஒரே துணியால பாத்திரம், கை, மேடைன்னு எல்லாத்தையும் துடைச்சா இன்னும் மோசம்.

அதனால கேளுங்க. கைக்கு ஒண்ணு, பாத்திரத்துக்கு ஒண்ணு, மேடைக்கு ஒண்ணு. தினம் மாத்துங்க. மெஷின்ல நிறையத் திணிச்சா தண்ணி உள்ள போகாது. துணி மென்மையாக்கி (சாஃப்ட்னர்) ஊத்தாதீங்க, நூல் மேல படலம் கட்டி உறிஞ்சுற தன்மையைக் குறைச்சுடும். துவைச்சு முடிச்சதும் உடனே எடுத்து விரிச்சுப் போடுங்க. வெள்ளைப் பருத்தின்னா குளோரின் ப்ளீச், கலர்னா ஆக்சிஜன் ப்ளீச். குளோரின் ப்ளீச்சோட வினிகரைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். முன்பக்கம் திறக்குற மெஷின்னா கதவு ரப்பரை விரிச்சு விரலை விட்டுப் பாருங்க. நான் விட்டப்போ கறுப்பா கொழகொழன்னு வந்துச்சு.

மாடிவெயில்
அகார்தட்டு, உங்க தட்டை நம்பறேன். ஆனா வாடையே வராத துண்டை ஏன் 60ல போட்டுச் சாயத்தைக் கெடுக்கணும்?

அகார்தட்டு
ரெண்டுபிள்ளைஅம்மா எழுதினதை மறுபடி படிங்க. அந்தத் துண்டு நாறவே இல்லையே.

ஈரக்காற்று
கதவு ரப்பரைப் பார்த்தேன். எனக்கும் கறுப்புதான். துடைச்சுட்டு, எல்லாத் துண்டையும் 60ல போட்டேன். காய்ஞ்சதும் ஒரு மூலையை நனைச்சு, பத்து நிமிஷம் விட்டு மோந்து பார்த்தேன். நாலு துண்டுல இல்ல. அத்தைக்குக் குடுத்த அந்த நீலத் துண்டுல மட்டும் லேசா இருக்கு. ஆக்சிஜன் ப்ளீச்சுல ஊறப்போட்டிருக்கேன், காலையில பார்த்துச் சொல்றேன்.