பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி): ஒண்ணு ஒண்ணா விழுற லீவு

பேச்சியம்மா (தலைவி): டீச்சர், ஏழாப்புல யாரும் படிப்ப நிறுத்தல. பெறவு எதுக்கு கூட்டத்துல வருகைப் பேச்சு?

செல்வி டீச்சர்: மாசக்கணக்கா வராத பிள்ளை எமிஸ்லயே (கல்வித்துறை ஆன்லைன் பதிவு) தெரிஞ்சிரும்க்கா. அங்கொண்ணு இங்கொண்ணா விடுததுதான் தப்பிருது. ஆறுல இருந்து எட்டு வரை வருசத்துக்கு 220 வேலை நாள். பத்துல ஒரு பங்கு போனா 22 நாள். மாசம் ரெண்டு லீவுதானன்னு வீட்ல நினைப்பாவ.

முத்தையா: 75 சதவீதம் இருந்தா போதும்லா?

செல்வி டீச்சர்: அது பரீட்சைக்கு உள்ள கணக்கு அண்ணாச்சி. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) நடத்துன அன்னைக்கு வராதவனுக்கு பின்னம் கூட்ட வராது. புரியலன்னதும் அடுத்த வாரமும் வயித்து வலி வந்துரும் 🙂

பேச்சியம்மா: எப்படிக் கண்டுபிடிக்க?

செல்வி டீச்சர்: பதிவேட்ட பேர்வாரியா மட்டும் பாக்காதிய, கிழமைவாரியாவும் பாருங்க. திங்கக்கிழமை பலபேர் இல்லன்னா கோயில் கொடை, விசேஷம்னு ஊருக்குப் போனதுதான். ஒரே பிள்ளை ஒரே கிழமைல விட்டா வீட்டு வேலை. மத்தியானம் மட்டும் இல்லன்னா சாப்பிட்டுட்டு நழுவுதான். அரைநாள் ரெண்டு சேர்ந்தா ஒரு நாள், அத விட்ராதிய.

இசக்கி: பீடி சுத்துத வீட்ல கட்டு ஒப்படைக்கதுக்கு முந்தின நாள் பாருங்க. அம்மா இலை வெட்டி சுத்துவா, முனை மடக்கி கட்டுதது பிள்ளை. ஆயிரம் நிறையலன்னா கூலி குறையும்லா. அங்க போயி ‘ஏன் அனுப்பல’ன்னு கேட்டா பதிலே வராது. ‘என்னைக்கு ஒப்படைக்கணும்’னு கேளுங்க, தானா சொல்லுவாவ.

நர்ஸ் மேரி: பொம்பளப் பிள்ளைய மாசாமாசம் ரெண்டு மூணு நாள் சேர்த்து விட்டா முதல்ல கழிப்பறையப் போய்ப் பாருங்க. தண்ணி, உள் தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைத்தொட்டி. இன்னொண்ணு, வாராவாரம் குடுக்குத இரும்புச்சத்து மாத்திரைய வெறும் வயித்துல போட்டா குமட்டும். மறுவாரம் மாத்திரை நாள்ல லீவு. சாப்பாட்டுக்குப் பெறவுதான் குடுக்கணும்.

முத்தையா: பேரை வெட்டிருவோம்னு சொன்னா என்ன?

செல்வி டீச்சர்: எட்டாப்பு முடியுத வரைக்கும் வெட்ட முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டம். மிரட்டுனா வரதும் நின்னுரும். வராத அன்னைக்கே பத்தரைக்குள்ள போன் போட்டு ‘காணுமே, மேலுக்கு முடியலயா’ன்னு கேட்டா போதும். எமிஸ்ல உள்ள பழைய நம்பர நம்பாதிய, பக்கத்து வீட்டு நம்பரும் ஒண்ணு வாங்கி வையுங்க.

பேச்சியம்மா: சரி, வெள்ளிக்கிழமை ஜூன்ல இருந்து உள்ள பதிவேட்ட கொண்டாங்க. இசக்கி, எந்தத் தெரு என்னைக்கு ஒப்படைக்குன்னு எழுதிப் போடு.

இசக்கி: வடக்குத் தெரு புதன், கீழத்தெரு சனி. மேலத்தெருவ கேட்டுட்டு ராத்திரி போடுதேன்.