எகிப்துக் கல்லறை ஓவியப் பிரதிகள்: லக்ஸர் போய் வந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நினா டேவிஸ், அவருடைய கணவர் நார்மன், சார்லஸ் வில்கின்சன் ஆகியோர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக தீப்ஸ் (இன்றைய லக்ஸர்) கல்லறைச் சுவர்களைப் பார்த்து வண்ணப் பிரதிகள் வரைந்தார்கள். நினா டெம்பராவில் (முட்டைக்கருவில் குழைத்த வண்ணம்) வரைந்தவை அபாரம். காரை உதிர்ந்த இடம், விரிசல் எல்லாம் அப்படியே இருக்கும்.

என்னை அதிகம் இழுத்தது பழங்கால எகிப்திய அதிகாரி மென்னாவின் கல்லறை (டிடி 69, அதாவது தீப்ஸ் கல்லறை எண் 69). ஒரு பக்கம் வயலை அளக்கிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், தூற்றுகிறார்கள். நடுவே இரண்டு சிறுமிகள் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடுகிறார்கள்! இன்னொருத்தி தோழியின் காலில் தைத்த முள்ளை எடுக்கிறாள். நக்தின் கல்லறையில் (டிடி 52) திராட்சை மிதிக்கும் காட்சியும் அழகுதான், ஆனால் இந்தச் சேட்டை அதில் இல்லை.

பள்ளிக் கண்காட்சிக்காக இவற்றில் சிலவற்றைப் பெரிதாக அச்சிடப் போகிறேன். பிரதிகளின் படங்கள் அருங்காட்சியகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் நிறத்தில்தான். ஒரே காட்சி ஒரு படத்தில் மஞ்சளாக அடிக்கிறது, இன்னொன்றில் சாம்பல்.

லக்ஸரில் நைல் நதியின் மேற்குக் கரையில் மென்னா கல்லறைக்குள் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படம் இருந்தால், அறுவடைச் சுவரின் பின்னணி நிறம் தெரிகிற மாதிரி ஒன்று பகிருங்கள். அப்புறம், அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி: டெம்பராவின் மங்கலான தோற்றம் வர மேட் தாள் போதுமா, கேன்வாஸ் வேண்டுமா? பளபளக்கும் தாள் மட்டும் வேண்டாம், சுவர் ஓவியம் காலண்டர் படமாகிவிடும்.