இளம் வயதில் மார்பகப் புற்றுநோய்: நன்கொடைப் பணத்தில் கனவுப் பயணம் அனுப்புவது சரியா?

கணக்குப்பிள்ளை

இருபது, முப்பது வயதுகளில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆசைப்பட்ட இடத்துக்குச் செலவில்லாமல் அனுப்பிவைக்கும் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. டிக்கெட், தங்குமிடம், துணைக்கு வருபவரின் செலவு எல்லாமே நன்கொடைப் பணம். நான் இதை எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

இந்த வயதில் நோய் வந்தவரிடம் சேமிப்பு இருக்காது. வேலையில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருக்கும். படிப்புக் கடன், வாடகை, சிலருக்குக் கைக்குழந்தை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துப் பதிவேடுகளை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் வந்தவர்கள் திவாலாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.65 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. வயது குறைந்தவர்கள்தான் அதில் கூடுதலாக அடிபட்டவர்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய விஷயம். கீமோ சினைப்பையைப் பாதிக்கும். அதற்கு முன் கருமுட்டையை எடுத்து உறைய வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். அந்த இரண்டு வாரத்துக்குள் பணம் புரட்ட முடியாமல் போனால், பிறகு எவ்வளவு பணம் வந்தாலும் அந்த வாய்ப்பு திரும்பாது. ஒருவரைக் கடற்கரைக்கு அனுப்பும் காசில் இன்னொருவருக்கு இதைச் செய்து கொடுக்கலாம். எது முதலில்?

மழைக்காதலி

கணக்குப்பிள்ளை ஐயா, எனக்கு முப்பதைத் தாண்டின உடனே இந்த நோய் வந்துச்சு. நான் அப்படி ஒரு பயணம் போயிட்டு வந்தவ. அதனால பேசுறேன்.

நீங்க சொன்ன வாடகை, கடன் எல்லாம் உண்மை. ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சிகிச்சை நடக்கிற காலம் முழுக்க, நம்ம உடம்பும் நாளும் மத்தவங்க கையில. எப்ப ஊசி, எப்ப ஸ்கேன், எப்ப சாப்பிடணும், யார் துணைக்கு வரணும், எல்லாத்தையும் வேற யாரோ முடிவு பண்ணுவாங்க. கூடப் படிச்சவங்க கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு வேலைன்னு போயிட்டே இருப்பாங்க. நாம அப்படியே நிக்கிறோம். அந்த நேரத்துல "உனக்கு எங்க போகணும்?"னு ஒருத்தர் கேட்டதே எனக்குப் பெரிசு. பல மாசத்துக்கு அப்புறம் நானா பதில் சொல்லக்கூடிய முதல் கேள்வி அது.

குழந்தைகளுக்கு இது இருக்கு. நோய் வந்த குழந்தைகளோட ஆசையை நிறைவேத்துற மேக் எ விஷ் அமைப்பு 1980-இல ஆரம்பிச்சது, போலீஸ்காரனாகணும்னு ஆசைப்பட்ட 7 வயசுப் பையனால. ஆனா 18 வயசோட அந்தக் கதவு மூடிடும். 19 வயசுல நோய் வந்தவளுக்கு ஆசையே இருக்காதா? முப்பது வயசுக்காரிக்கு?

கணக்குப்பிள்ளை

மழைக்காதலி, நீங்கள் நலமாக இருக்க வேண்டும், முதலில் அது. உங்களுக்குக் கிடைத்த நிம்மதியை நான் மறுக்கவில்லை. அது நன்கொடைப் பணத்தின் முதல் வேலையா என்பதுதான் என் கேள்வி.

குழந்தைகள் விஷயத்தில் ஆய்வு இருக்கிறது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், விருப்பம் நிறைவேற்றப்பட்ட குழந்தைகளையும் நிறைவேறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். நிறைவேறியவர்களிடம் எதிர்பாராத மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்கான வாய்ப்பு 2.5 மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது. பயணம் போகும் அளவுக்கு உடம்பு தேறியவர்களுக்கே பயணம் கிடைத்திருக்கலாம். அதை எடுத்து முப்பது வயதுப் பெண்களுக்குப் பொருத்த முடியாது.

துடுப்பு

எனக்கு மூன்றாவது பக்கம் ஒன்று தெரிகிறது. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 24 பெண்களை டிராகன் படகு (பலர் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும் நீளப் படகு) வலிக்க வைத்தார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் கையை அதிகம் அசைத்தால் கை வீங்கிவிடும் என்று அதுவரை பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்று உலகம் முழுக்க இப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன.

அதே 1996-இல் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்குத் தூண்டில் மீன்பிடி முகாம் நடத்தும் காஸ்டிங் ஃபார் ரிகவரி தொடங்கியது. தூண்டில் வீசும் அசைவு அறுவை செய்த தோளுக்கும் கைக்கும் மெதுவான பயிற்சி. முகாமுக்குக் கட்டணம் கிடையாது. 2001-இல் படகு வீரர் பிராட் லடன் ஆரம்பித்த ஃபர்ஸ்ட் டிசென்ட்ஸ், இளம் வயதுப் புற்றுநோயாளிகளைக் குழுவாக ஆற்றுக்கும் மலைக்கும் கூட்டிப்போகிறது. அதற்குத் தூண்டுதலே அவர் குடும்பத்தில் ஒருவருக்கு இளம் வயதில் வந்த மார்பகப் புற்றுநோய்.

இவற்றில் இடம் முக்கியமில்லை. தன் வயதுக்காரி, தன்னைப் போலவே தழும்போடு இருப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறாள். அதுதான் மருந்து. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் சுற்றிலும் அறுபது வயதுக்காரர்கள்தான் இருப்பார்கள். தனியாக ஒருவரைக் கனவு ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தால், வந்த பிறகு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மழைக்காதலி

துடுப்பு, குழு நல்லதுதான். எனக்கும் ஒரு குழு இருக்கு. ஆனா எல்லாருக்கும் குழு ஒத்துவராது. கூட்டத்துல போய் மறுபடி "எந்த ஸ்டேஜ், எத்தனை கீமோ"ன்னு பேச விருப்பமில்லாதவங்க நிறைய பேர். நான் போன இடத்துல என்னை யாருக்கும் தெரியாது. அந்தச் சில நாள் நான் நோயாளி இல்லை. என் புருஷன்கூட என்னை நர்ஸ் மாதிரி பாத்துக்கல, பழையபடி சண்டை போட்டார். அதுக்காகவே போகலாம்.

ஒற்றைச்சிறகு

நானும் போனேன். எனக்கு வேற அனுபவம்.

விண்ணப்பத்துல டாக்டர் கடிதம் கேட்டாங்க, சரி. அதுக்குக் கீழ பெரிய கட்டம்: "உங்கள் போராட்டத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்." அதுக்கும் கீழ, சிகிச்சைக்கு முன்னாடி ஒரு போட்டோ, சிகிச்சையின்போது ஒரு போட்டோ. எழுதத் தெரிஞ்சவளுக்கும் அழகா அழத் தெரிஞ்சவளுக்கும் தான் பயணம். வார்த்தை வராம ஒத்தை வரியில எழுதுறவளுக்கு யார் கொடுப்பாங்க?

போன இடத்துல முதல் நாள் காலையில கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கையில ஸ்பான்சர் பேனர். காத்து பலமா அடிக்குது, ஒரு கையால விக்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பேனரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். "கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம்"னு சொல்லிச் சொல்லி எடுத்தாங்க. பேனர் பிடிச்சிருந்த கை, கணு எடுத்த பக்கத்துக் கை. வலிக்குதுன்னு சொல்லத் தோணல, ஏன்னா அவங்க காசுல வந்திருக்கோம்.

அந்தப் போட்டோ இன்னும் இணையத்துல இருக்கு. என் பேரைத் தேடினா முதல்ல அதுதான் வருது. அதுக்கப்புறம் நான் வேலைக்கு மனு போட்ட இடத்துல எல்லாம் நேர்காணல்ல உக்காந்திருக்கிறவர் அதைப் பாத்திருப்பாரோன்னு ஒரு நினைப்பு. அறுபது வயசுல இது பெரிசில்லாம இருக்கலாம். எங்களுக்கு இன்னும் முப்பது வருஷ வேலை வாழ்க்கை பாக்கி இருக்கு.

நாலுகாசு

ஒற்றைச்சிறகு அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா நன்கொடை கொடுக்கிறவன் பக்கத்தையும் சொல்றேன். நான் மாசா மாசம் இப்படி ஒரு டிரஸ்ட்டுக்குக் கொடுக்கிறேன். வாடகைக்கோ பஸ் செலவுக்கோ பணம் கேட்டா கொடுக்கிறவங்க குறைவு. ஒரு பெண் மலை உச்சியில நிக்கிற படம் பார்த்தா கொடுப்பாங்க. கணக்குப்பிள்ளை சொல்ற மாதிரி "இந்தக் காசை அதுக்கு மாத்து"ன்னா, காசு மாறாது, நின்னுபோகும். நானே முதல்ல கொடுத்தது அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான்.

கணக்குப்பிள்ளை

நாலுகாசு, இதைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். கொடுப்பவருக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்து நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்று முடிவு செய்தால், உதவி யாருக்கு? ஒற்றைச்சிறகு அந்தக் காற்றில் நின்றது உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர் அடுத்த மாதமும் கொடுக்க வேண்டும் என்பதற்காக. படம் இல்லாமலே கொடுக்க வேண்டும் என்று நன்கொடையாளர்கள்தான் அந்த டிரஸ்ட்டிடம் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டால் நடக்கும். நோயாளி கேட்க முடியாது.

தம்பிக்காரன்

என் அக்காவுக்கு நாலாவது ஸ்டேஜ். எலும்பிலும் ஈரலிலும் பரவியிருந்தது. நீங்கள் எல்லாரும் பயணம் வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். என் வருத்தம் வேறு.

அவளுக்குப் பயணம் உறுதி என்று கடிதம் வந்தது. கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். தேதி மட்டும் அவர்களுடைய வருஷாந்திரத் திட்டப்படி. வருஷத்துக்கு ஒரு தொகுதியாக அனுப்புவார்களாம். முன்கூட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டோம், ஸ்பான்சர் நிகழ்ச்சியோடு சேர்ந்த தேதி, மாற்ற முடியாது என்றார்கள். அதற்குள் ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துவிட்டது. படுக்கையை விட்டு எழவில்லை. போகவே இல்லை.

அவள் கேட்டது வெளிநாடு இல்லை. ரயிலில் ஓர் இரவு போய்ச் சேரும் ஊர்தான். நாங்களே கடன் வாங்கிக் கூட்டிப்போயிருப்போம். இலவசமாகக் கிடைக்கப் போகிறது என்று காத்திருந்ததில்தான் நாள் போய்விட்டது. சிகிச்சை முடிந்து தேறியவர்களுக்கும் நாலாவது ஸ்டேஜ்காரர்களுக்கும் ஒரே வரிசை, ஒரே தேதி வைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மழைக்காதலி

தம்பி, என்ன சொல்றதுன்னு தெரியல. என் தொகுதியில வந்தவங்க எல்லாரும் சிகிச்சை முடிச்சவங்கதான். நாலாவது ஸ்டேஜ்ல ஒருத்தர்கூட இல்லை. அப்ப நான் அதைப் பத்தி யோசிக்கல, உங்க பதிவைப் படிச்சதும் அதுதான் ஓடுது.

அமெரிக்காவுல 1994-இல ஆரம்பிச்ச ட்ரீம் ஃபவுண்டேஷன், வாழ்நாள் குறைவுன்னு டாக்டர் சான்று கொடுத்த பெரியவங்களுக்கு மட்டும்தான் செய்யுது. அப்படித் தனி வரிசை வேணும்.

இரவுப்பணி

புற்றுநோய் வார்டில் செவிலியாக இருக்கிறேன். தம்பி சொன்னதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நாலாவது ஸ்டேஜில் பயணத்துக்குத் தோதான காலம் சில சமயம் சில வாரம்தான். ஒரு மருந்து வேலை செய்யத் தொடங்கி வலி குறைந்து, அடுத்த ஸ்கேன் வருவதற்குள். அது எப்போது வரும் என்று டாக்டருக்குத்தான் ஓரளவு தெரியும். டிரஸ்ட்டின் காலண்டருக்குத் தெரியாது.

பயணமே கூடாது என்று சொல்ல மாட்டேன். போய் வந்த பெண்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அனுப்புகிறவர்களில் பலர் மருத்துவப் பக்கத்தை ஒரு கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள், அது எனக்குப் பயம். நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் கட்டும் அபாயம் கொஞ்சம் கூடுதல். மணிக்கணக்காக விமானத்தில் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் கூடும். கீமோ போட்ட பிறகு ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், அந்த வாரம் கூட்டத்தில் பயணம் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமான நாடுகள் இருக்கின்றன. அது உயிருள்ள கிருமியால் செய்த ஊசி, கீமோ நடக்கும்போது போடக்கூடாது. ரேடியேஷன் பட்ட தோல் வெயிலைத் தாங்காது. எலும்பில் பரவியவருக்குச் சாகசப் பயணம் என்றால் எலும்பு முறியக்கூடும்.

பயணக் காப்பீடும் உண்டு. பல பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோயைச் சேர்க்கவே மாட்டார்கள். அங்கே போய்க் காய்ச்சல் வந்து சேர்த்தால் அந்தப் பில்லை யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்கியிருக்கிறார்களா? இலவசப் பயணம் போய்க் கடனோடு திரும்பக் கூடாது.

கணக்குப்பிள்ளை

சிஸ்டர் சொன்னதைச் சேர்த்தால் ஒரு பயணத்தின் உண்மையான செலவு இன்னும் ஏறும். என் நிலை மாறவில்லை: முதலில் கருமுட்டை, வாடகை, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு. ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தம்பிக்காரனின் அக்காவைப் போன்றவர்களுக்கு நான் இந்தக் கணக்கைப் போட மாட்டேன். அவர்களுக்கு எதைத் தள்ளிப்போடுவது? கேட்ட உடனே, ரயில் டிக்கெட்டோ வாடகைக் காரோ, பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

துடுப்பு

பணமாகவே கையில் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். ஒருத்தி கடலுக்குப் போவாள், ஒருத்தி வாடகை கட்டுவாள், ஒருத்தி முட்டை உறைய வைப்பாள். அவள் வளர்ந்த பெண், அவளுக்குத் தெரியாதா?

மழைக்காதலி

இல்லை துடுப்பு. எனக்குப் பணமா கொடுத்திருந்தா நான் நிச்சயமா கடனைத்தான் கட்டியிருப்பேன். எங்க வீட்டுல யாருமே எனக்குன்னு செலவு பண்ண விட்டிருக்க மாட்டாங்க, நானும் விட்டிருக்க மாட்டேன். பயணம்னு கொடுத்ததாலதான் அது எனக்கே எனக்குன்னு கிடைச்சது. வீட்டுல ஒரு பொண்ணு கையில வர்ற பணம் எங்க போகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

புதுவரவு

என் தோழிக்கு வயது 28, கீமோ முடிந்து ரேடியேஷன் நடக்கிறது. இப்படி ஒரு பயணத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். தடுக்கவா, விடவா?

ஒற்றைச்சிறகு

தடுக்காதீங்க. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒப்புதல் படிவத்தை முழுசாப் படிக்கச் சொல்லுங்க. போட்டோ, வீடியோ பத்தின பத்தி கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். "எக்காலத்துக்கும்"னு இருந்தா அந்த வரியை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும். அடிச்சதால பயணம் கிடையாதுன்னு சொன்னா, அது எந்த மாதிரி இடம்னு அப்பவே தெரிஞ்சிடும்.

இரவுப்பணி

ரேடியேஷன் முடிந்து தோல் ஆறட்டும், தேதியை அதற்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கள். எந்த மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேட்டு, எத்தனை மணி நேர விமானம் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அக்குளில் கணு எடுத்திருந்தால் அந்தக் கைக்கு அழுத்த உறை தேவையா என்றும் கேட்கட்டும். காப்பீட்டுப் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.