தினமும் தியானம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன். 20 நிமிடம் என்று அலாரம் வைத்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே கால் மரத்துப்போகிறது, அப்புறம் அடுப்பை அணைத்தோமா, அந்த மெயிலுக்குப் பதில் போட்டோமா என்று மனசு எங்கெங்கோ ஓடுகிறது. எனக்கு இது வரவே வராதா?

பதில் 1: 20 நிமிடம்தான் தப்பு. ஐந்து போதும். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. நான் பல நாள் நான்கைத் தாண்டியதில்லை. சில நாள் பதினேழு வரை போய்விட்டு, அடடா, பத்தில் நிறுத்தவில்லையே என்று விழித்திருக்கிறேன். ஓடிய மனசைக் கவனித்துத் திரும்பக் கூட்டி வருகிறீர்களே, பயிற்சியே அதுதான்.

பதில் 2: சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நரம்பு அழுந்துவதால்தான் மரத்துப்போகிறது. நாற்காலியில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து வையுங்கள்.

பதில் 3: அலாரத்தை விடுங்கள், ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு ஒட்டிவிடுங்கள். நான் பல் துலக்கியதும் உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவுதான்.

கேட்டவர்: சரி, இன்று நாற்காலியில் ஐந்து நிமிடம். ஆறு வரை எண்ணினேன், அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அணைத்துத்தான் இருக்கிறது.