சஜஷன் பாக்ஸ் ஏன் காலியா கெடக்குது?

லேத்துக்காரன்:
கோயம்புத்தூர் பக்கம் பம்ப் பார்ட்ஸ் கம்பெனி, பேரு வேணாம். மூணு மாசமா சஜஷன் பாக்ஸ்ல ஒரு சீட்டு கூட விழல, உங்களுக்கெல்லாம் யோசிக்கவே தெரியாதான்னு மேனேஜர் மீட்டிங்ல கத்துறாரு. போன வருஷம் நான் ஒன்னு குடுத்தேன். பீஸ அசையாம புடிச்சு வெக்கிற ஃபிக்ஸ்சர்ல நாலு போல்ட்ட ஸ்பேனர் போட்டு இறுக்கிட்டிருந்தோம், அதுக்கு பதிலா ரெண்டு டாகிள் கிளாம்ப் போட்டா ஒரே அமுக்குல புடிச்சுக்கும், பீஸுக்கு 40 செகண்ட் மிச்சம். போட்டோ புடிச்சு போர்டுல ஒட்டி ஒரு ஹாட் பாக்ஸ் குடுத்தாங்க. அடுத்த மாசமே ஷிஃப்டுக்கு 90 இருந்த டார்கெட் 105 ஆயிடுச்சு, லைன்ல ஒருத்தனும் என்கூட டீ குடிக்க வரல. மிச்சமாகுறதுல பங்கு குடுங்க, பாக்ஸ் தானா ரொம்பும்.

ஹெச்ஆர்ல குப்பை கொட்டுறவ:
காசு குடுத்தும் பாத்தாச்சு பிரதர். ஒரு சீட்டுக்கு 200 ரூபான்னோம், ஃபேன் மாத்துங்க லைட் மாத்துங்கன்னு ஒரே ஐடியாவ அஞ்சு சீட்டா கிழிச்சுப் போட்டாங்க. போஸ்ட்-இட் மஞ்ச சீட்டு இருக்குல்ல, அந்த ஒட்டியும் ஒட்டாத பசை 3எம்ங்கற அமெரிக்க கம்பெனில 1968ல வந்தது, கடைக்கு வந்தது 1980ல. அங்க வேலை நேரத்துல 15 சதவீதம் சொந்த யோசனைக்குன்னு விட்டு வெச்சிருந்தாங்க. சுதந்திரம் தான் முக்கியம்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்:
அந்த 15 சதவீதம்லாம் லேப்ல இருக்கறவனுக்கு சரிம்மா. பீஸ் எண்ணிட்டிருக்கறவன் பாத்ரூம் போறதுக்கே ரிலீவர் வரணும். டொயோட்டாவ பாருங்க, 1950ல பெரிய ஸ்ட்ரைக், ஆள்குறைப்பு, தலைவர் கீச்சிரோ டொயோடாவே ராஜினாமா பண்ணாரு. அதுக்கு அடுத்த வருஷம் தான் சஜஷன் திட்டம் ஆரம்பிச்சாங்க. வேலைய சுருக்கிக் காட்டுனா நம்ம தலை தான் உருளும்னு பயம் இருக்கற வரைக்கும் எவனும் வாயத் தொறக்க மாட்டான், நானே ஆபரேட்டரா இருந்தப்ப தொறந்ததில்ல.

லேத்துக்காரன்:
பயம் சரிங்ணா, ஆனா காச விட்றாதீங்க. ப்ளூ எல்இடி லைட்டு கண்டுபுடிச்ச ஜப்பான்காரர் நகமுராவுக்கு அவரு வேலை பாத்த நிச்சியா கம்பெனி குடுத்தது 20,000 யென். கோர்ட்டுக்குப் போனாரு, 2004ல 2,000 கோடி யென் குடுன்னு தீர்ப்பு, அடுத்த வருஷம் 84 கோடி சொச்சத்துக்கு செட்டில் ஆச்சு. 2014ல நோபல். மனுஷன் அமெரிக்காவுக்கே போயிட்டாரு.

ஹெச்ஆர்ல குப்பை கொட்டுறவ:
அதுவே எனக்குத் தானே சாதகம்! காசு வரும்னா அவர் அத செஞ்சாரு? ஆரம்பத்துல பழைய முதலாளி நம்பி பணம் போட்டாரு, அப்புறம் நிறுத்துன்னு ஆர்டர் வந்தும் இவரு கேக்காம செஞ்சாரு. வழக்கு எல்லாம் பின்னாடி. சரி, டார்கெட் ஏத்துனது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா கஸ்டமர் வருஷா வருஷம் வெலைய கொறைன்னு கழுத்துல உக்காந்தா பிளான்ட் ஹெட் என்னதான் பண்ணுவாரு?

ரிட்டயர்டு ஃபோர்மேன்:
ஆறு மாசம் டார்கெட்ட தொடாதீங்க. நான் எங்க லைன்ல சண்டை போட்டு அப்படித்தான் வாங்குனேன். அப்புறம் ஏத்துனப்போ பசங்க முணுமுணுத்தாங்க, ஆனா சீட்டு நிக்கல.

கான்ட்ராக்ட் பையன்:
எல்லாரும் பெர்மனென்ட் ஆளுங்க போல. எங்க பாக்ஸ் சீட்டுல எம்ப்ளாயி நம்பர் கேக்குது, எனக்கு நம்பரே கெடையாது, பதினோரு மாசத்துக்கு ஒருக்கா கேட்ல புது கார்டு. பீஸ் ஓரத்துல நிக்கிற பிசிறு, அதான் பர்ரு, அத எடுக்க பழைய ஹேக்சா பிளேட தேச்சு ஒரு டூல் பண்ணி வெச்சிருக்கேன், ஃபைல், அதான் அரம் போடறதுல பாதி நேரம் தான் ஆவுது. பாக்கெட்லயே இருக்கும், சூப்பர்வைசர் வந்தா ஃபைல எடுத்துக்குவேன்.

ஹெச்ஆர்ல குப்பை கொட்டுறவ:
ஐயோ தம்பி, அத யார்கிட்டயாவது காட்டக் கூடாதா?

கான்ட்ராக்ட் பையன்:
பக்கத்து மெஷின் அக்காவுக்கு ஒன்னு தேச்சுக் குடுத்திருக்கேன் மேடம்.